சிரிக்காத முகம்

உங்கள் உறவினரில் ஹாஸ்யமாகப் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர் ஒருவராவது கட்டாயம் இருப்பார். அவர் எந்த ரகம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒரு ரகத்தினர் கதையைத் தொடங்குவதற்கு முன்பே தாங்கள் சிரித்துவிடுவார்கள். "நேற்று ஒரு தமாஷ் நடந்தது, கேளுங்கள்!" என்று ஆரம்பித்து, பாதிக் கதையில் கண்ணில் நீர் வழிய, மேல்துண்டால் துடைத்துக்கொள்வார்கள். கதை முடிந்த பிறகு பார்த்தால், சிரித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மரியாதைக்காகப் பல்லைக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இன்னொரு ரகம் உண்டு. கல்யாணப் பந்தியில் இலையைப் பார்த்தபடியே, பாங்கிக் கணக்கு ஒப்பிக்கிற குரலில் நாலு வார்த்தை சொல்வார். பக்கத்து இலைக்காரருக்குப் புரை ஏறும். பரிமாறுகிறவர் ரசவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். நம் மனிதரோ, "இவர்களுக்கெல்லாம் என்ன வந்துவிட்டது?" என்பதுபோல் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பளம் இன்னொன்று போடப்பா" என்பார்.

இந்த இரண்டாவது ரகத்து மனிதர் ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் கானடா தேசத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நடிகரானவர். 62-வது வயதில், ஒரு போலீஸ் அதிகாரி வேஷத்தில், உலகத்தையே வயிற்றைப் பிடித்துக்கொள்ள வைத்தவர். பெயர் லெஸ்லி நீல்ஸன்.

படத்தின் பெயர் 'தி நேக்கட் கன்'. அப்படியே தமிழில் சொன்னால் 'நிர்வாணத் துப்பாக்கி'. முகம் சுளிக்காதீர்கள்! பெயருக்கும் கதைக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. முறைத்த பார்வையும் உருவிய துப்பாக்கியுமாக வந்த பழைய போலீஸ் கதைகளைக் கேலி செய்யும் பெயர் அது. பெரியவர்களுக்கான அசட்டுப் பரிகாசங்கள் நடுவில் உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை. 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று அமெரிக்காவிலேயே எச்சரித்துத்தான் திரையிட்டார்கள்.

1988 டிசம்பரில் அந்தப் படம் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 7 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. 1991-லும் 1994-லும் தொடர்ச்சிகள் வந்தன. இத்தனை வருஷம் கழித்தும் ஜனங்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

கதையைக் கேட்டால் ஏமாந்து போவீர்கள். இங்கிலாந்து மகாராணி எலிஸபெத் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு விஜயம் செய்கிறார். வின்ஸென்ட் லட்விக் என்ற தனவந்தர் அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிடுகிறார். பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரை மனவசியம் செய்து, மைதானத்திலேயே காரியத்தை முடிப்பது என்று ஏற்பாடு. மகாராணியைக் காப்பாற்ற வேண்டியவர் லெப்டினென்ட் ஃபிராங்க் டிரெபின். அவர்தான் நம் நீல்ஸன். மகாராணியாக வருகிறவர், அந்த அம்மாளின் முகஜாடையாலேயே பிரசித்தி பெற்ற ஜீனெட் சார்ல்ஸ்.

லெப்டினென்ட் டிரெபினிடம் வீரம் உண்டு, கடமை உணர்ச்சி உண்டு, கம்பீரமான நரைத்த தலை உண்டு. புத்தி ஒன்றுதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். ஓரிடத்தில் காரை நிறுத்துகிறார். காற்றுப் பைகள் எல்லாம் ஒரே சமயத்தில் உப்பிக் கியரைத் தள்ளிவிடுகின்றன. இவர் இறங்கியதும் கார் தானாகவே ஓடுகிறது. யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று நினைத்துத் தம்முடைய சொந்தக் காரையே வீராவேசமாகச் சுடுகிறார் டிரெபின்!

லட்விக்கின் அறைக்கு விசாரிக்கப் போகிற காட்சியைப் பாருங்கள். அங்கே விலைமதிப்பற்ற ஒரு பேனா. தண்ணீர் ஒன்றைத் தவிர வேறெதனாலும் அதற்குச் சேதம் வராது. பக்கத்திலே ஒரு மீன் தொட்டி. அதில் அபூர்வமான ஒரு மீன். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது அல்லவா? தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறதே, அதுதான் ஆச்சரியம். பேனா தொட்டியில் விழ, டிரெபின் கையை விட்டுத் துழாவ, மீனுக்கும் பேனாவுக்கும் ஏக காலத்தில் முடிவு வந்து சேருகிறது.

இவ்வளவு நடந்தும் அவர் முகத்தில் அசடு வழிவதில்லை. 'இதெல்லாம் போலீஸ் வேலையில் சகஜம்' என்ற பாவனை. படம் முழுவதிலும் அவர் சிரிக்கவே இல்லையா என்றால், சிரிக்கிறார். காதலி ஜேனுடன் சினிமாக் கொட்டகையை விட்டு வரும்போது இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பார்த்த படம் எது தெரியுமா? 'பிளட்டூன்' என்ற, வியட்நாம் யுத்தத்தின் கோரத்தைச் சொல்லும் சோகப் படம்!

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர். மில்வாக்கி என்ற ஊரைச் சேர்ந்த டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் என்ற சகோதரர்களும், அவர்களுடைய நண்பர் ஜிம் ஆப்ரஹாம்ஸும். 1957-ல் வந்த 'ஸீரோ ஹவர்' என்ற படம் ஒரு நாள் அவர்கள் கண்ணில் பட்டது. ஆகாய விமானத்தில் கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டு விமானிகள் மயங்கிவிட, பிரயாணி ஒருவர் விமானத்தை ஓட்டித் தரையிறக்கும் கதை. படு சீரியஸான படம். பார்க்கப் பார்க்க இவர்களுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உரிமையை விலைக்கு வாங்கி, அதே கதையை 1980-ல் 'ஏர்பிளேன்' என்ற ஹாஸ்யப் படமாக எடுத்தார்கள்.

அப்போது அவர்கள் செய்த யுக்தி இதுதான்: முக்கியமான பாத்திரங்களுக்கு ஹாஸ்ய நடிகர்களைத் தேடாமல், ஆயுள் முழுவதும் கம்பீர வேஷம் போட்ட நடிகர்களாகப் பிடித்தார்கள். அந்த வரிசையில் டாக்டர் வேஷத்துக்கு அகப்பட்டவர்தான் நீல்ஸன்.

அதுவரையில் அவர் யார் என்கிறீர்கள்? 1956-ல் 'ஃபர்பிடன் பிளானட்' படத்தில் வேற்றுக் கிரகத்துக்குப் போகும் கப்பலின் தலைவர். 1972-ல் 'பொஸைடன் அட்வெஞ்சர்' படத்தில் கடலில் கவிழ்கிற கப்பலின் காப்டன். டெலிவிஷன் நாடகங்களில் வக்கீல், டாக்டர், வில்லன் என்று கணக்கில்லாத வேஷங்கள். சுமார் 30 வருஷம் சிரிக்காமல் நடித்த பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. வசனத்தைத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். இசையமைத்த ஐரா நியூபார்னும் அப்படியே. ஒரு ஸ்வரத்தில்கூடக் கேலி கலக்காமல், அசல் துப்பறியும் கதைக்கு வாசிப்பதுபோல வாசிக்க வைத்தார்.

ஆனால் சகோதரிகளே, டிரெபினுக்கு முதல் சுற்றில் கிடைத்தது தோல்விதான். 1982 மார்ச்சில் அவரை வைத்து 'போலீஸ் ஸ்குவாட்' என்று ஒரு டெலிவிஷன் தொடர் ஆரம்பித்தார்கள். அந்தத் தொடரில் கதையின் தலைப்பு திரையில் ஒன்றாக இருக்கும். அறிவிப்பாளர் வேறொன்றைப் படிப்பார். ஒவ்வொரு வாரமும் பிரபல நடிகர் ஒருவரை விசேஷ விருந்தாளி என்று அறிமுகப்படுத்தி, அந்த நிமிஷத்திலேயே கொன்றுவிடுவார்கள். முடிவில் படம் உறைந்து நிற்கிற மாதிரி எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். ஆனால் உறைவது படமல்ல. ஆட்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கோப்பையில் காப்பி பாட்டுக்கு வழிந்துகொண்டே இருக்கும்!

ஆறே பகுதிகளுடன் அதை நிறுத்திவிட்டார்கள். டெலிவிஷன் ஸ்தாபனத்து அதிகாரி அதற்குச் சொன்ன காரணம்தான் விசேஷம். இந்தத் தொடரை ரசிக்க வேண்டுமானால் ஜனங்கள் அதைக் கவனித்துப் பார்க்கவேண்டியிருக்கிறதாம்!

கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கு என்னவோ, அந்த அதிகாரி நம் வீடுகளை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார் என்றே தோன்றுகிறது. நம்மில் எத்தனை பேர் டெலிவிஷனை முழுக் கண்ணால் பார்க்கிறோம்? அரைக் கண் அடுப்பில், கால் கண் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தில், மிச்சமிருக்கிற கால் கண்ணுக்குத்தானே கதாநாயகியின் கண்ணீர்? அந்தக் கால் கண்ணுக்கு ஏற்றபடி எடுத்தால்தான் தொடர் ஓடும். டிரெபினின் உலகத்திலோ சுவரில் மாட்டிய படம், கதவுக்குப் பின்னால் போகிற ஆள் என்று மூலைக்கு மூலை ஒரு விகடம் ஒளிந்திருக்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும்.

ஆறு வருஷம் கழித்து அதே லெப்டினென்ட் சினிமாவுக்கு வந்தபோது ஜெயித்தார். காரணம், சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

என் தாயாருக்கு வயது 68. அவர் கேள்விப்படாத தமிழ்ப் படம் இல்லை; முழுதாகப் பார்த்த படம்தான் இல்லை. கொட்டகையில் கைக்குழந்தை அழும். தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். (அழுத குழந்தைகளில் நானும் ஒருத்தி.) வீட்டில் டெலிவிஷன் வந்த பிறகு குக்கர் கூப்பிடும், பால் கூப்பிடும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், "அண்ணன் வீட்டை விட்டுப் போற வரைக்கும் பார்த்தேன். அப்புறம் என்ன ஆச்சு?" என்று நம்மையே கேட்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 'தி நேக்கட் கன்' படத்தைப் போட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ்', 'நோ', 'தாங்க்யூ'. கையில் கொத்தவரங்காயும் முறமுமாக, "நீ பாரு. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று உட்கார்ந்தார்.

நார்ட்பெர்க் என்ற போலீஸ்காரர் எதிரிகளின் கப்பலுக்குள் தனியாக நுழைகிற இடம் வந்தது. அவரைச் சுடுகிறார்கள். ஒரு குண்டு இரண்டு குண்டு அல்ல, சரமாரியாக. அவர் விழவில்லை. தள்ளாடிப் போய்க் குழாயில் தலையை இடித்துக்கொள்கிறார். சூடான அடுப்பில் கையை வைக்கிறார். ஈர வர்ணம் அடித்த கதவில் சாய்கிறார். ஜன்னல் விரல்மேல் விழுகிறது. யாருக்கோ செய்து வைத்த கேக்கில் முகம் பதிகிறது. கடைசியில் கரடிப் பொறியில் கால் மாட்டிக்கொண்டு கடலில் விழுகிறார். குண்டுகளுக்கு அசையாத மனிதர் ஈர வர்ணத்தைக் கண்டு முகம் சுளிக்கிறாரே, அங்கேதான் அம்மாவின் கையிலிருந்த கொத்தவரங்காய் முறத்தில் விழுந்தது.

டிரெபின் ஒருவனைத் துரத்துகிற காட்சியும் வந்தது. அவர் ஏறிக்கொண்ட வண்டி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்து வண்டி. ஓட்டுகிறவள் கற்றுக்குட்டிப் பெண். பக்கத்தில் கிழவர் ஒருவர். சக்கரம் கிறீச்சிட, ஊரே அலற, அந்தக் கிழவர் கொஞ்சமும் பதறாமல், 'கண்ணாடியைப் பார், மெதுவாகத் திருப்பு' என்ற தோரணையில் பாடம் நடத்திக்கொண்டே போகிறார். எதிரே வருகிற லாரிக்காரன் திட்டினால் விரலால் எப்படிப் பதில் சொல்வது என்பதும் பாடத்தில் சேர்த்தி! அந்தக் கிழவராக நடித்தவர் ஜான் ஹவுஸ்மன். 1973-ல் வந்த 'தி பேப்பர் சேஸ்' படத்தில் கண்டிப்பான சட்டப் பேராசிரியராக நடித்து ஆஸ்கார் பரிசு வாங்கியவர். 'நேக்கட் கன்' திரைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், 86-வது வயதில் காலமானார்.

"ஏண்டி, இந்தப் போலீஸ்காரனுக்குத் தான் பண்ற கூத்து தெரியவே தெரியாதா?" என்று கேட்டார் அம்மா.

"தெரியாது, அம்மா. கடைசி வரைக்கும் தெரியாது."

"அதானே பார்த்தேன். தெரிஞ்சுதுன்னா நமக்குச் சிரிப்பு வராது" என்றார்.

இத்தனை பக்கம் எழுதி நான் சொல்லவந்ததை அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். 85 நிமிஷப் படம். நடுவில் பால்காரர் மணி அடித்தார்; நான்தான் எழுந்து போனேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

படம் முடிந்ததும் அம்மா, "அந்த அடிபட்டுண்டே இருந்தானே, அவன் யாரு?" என்று கேட்டார். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஏனென்றால் நார்ட்பெர்காக நடித்தவர் ஓ.ஜே. ஸிம்ப்ஸன்.

கால்பந்தாட்டத்தில் புகழ் பெற்று நடிகரானவர் அவர். படம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1989 ஜனவரி 1-ந் தேதி விடியற்காலையில், அவர் மனைவி நிக்கோல் அடிபட்ட நிலையில் போலீஸைக் கூப்பிட்டார். மனைவியை அடித்த குற்றச்சாட்டை ஸிம்ப்ஸன் கோர்ட்டில் மறுத்து வாதாடவில்லை. பின்னால் விவாகரத்து ஆயிற்று. 1994 ஜூனில் நிக்கோலும், ரொனால்ட் கோல்ட்மன் என்ற இளைஞரும் கொலையுண்டார்கள். 1995-ல் ஜூரிகள் ஸிம்ப்ஸனைக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்தார்கள். 1997-ல் சிவில் கோர்ட் அந்த மரணங்களுக்கு அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் அவர் இறந்துபோனார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கப்பல் காட்சியைப் பார்த்துச் சிரிக்கலாமா? நான் பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன். 'நடிகர் வேறு, வேஷம் வேறு' என்றார்கள் சிலர். 'இனிமேல் முடியாது' என்றார்கள் சிலர். என் மட்டில், சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் ஒரு பெண்ணின் ஞாபகமும் வருகிறது. இரண்டில் எதையும் நான் விரட்டுவதில்லை. திரையில் விழுகிற அடி யாருக்கும் வலிக்காது என்ற நம்பிக்கையில்தான் நாம் சிரிக்கிறோம். வீட்டுக்குள் விழுகிற அடிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அநேகமாக யாரும் பார்ப்பதுமில்லை.

நீல்ஸனுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? அசல் போலீஸ்காரர்! ராயல் கனேடியன் மௌண்டட் போலீஸ் படையைச் சேர்ந்தவர். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கில், ஃபோர்ட் நார்மன் என்ற பனி சூழ்ந்த குக்கிராமத்தில் உத்தியோகம். வெளியில் சட்டத்தைக் காப்பாற்றியவர், வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கிறவராக இருந்தார். எப்போது இந்த வீட்டை விட்டுத் தப்பிப்போம் என்று பிள்ளை லெஸ்லி ஏங்கிக்கொண்டிருந்தார். காது வேறு சரியாகக் கேட்காது. வாழ்நாளில் பெரும்பகுதி கேட்கும் கருவி வைத்துக்கொண்டே நடித்தவர் அவர்.

அவருடைய அண்ணன் எரிக் நீல்ஸன் அரசியலில் புகுந்து, 1984-லிருந்து 1986 வரை கானடாவின் உதவிப் பிரதம மந்திரியாக இருந்தார். பத்திரிகைக்காரர்களிடம் வாயைத் திறக்கமாட்டார் என்று பெயரெடுத்தவர். 1989-ல் அவர் வெளியிட்ட சுயசரிதையின் தலைப்பு, 'ஹவுஸ் என்பது வீடு ஆகாது' என்று பொருள்படும். 'ஹவுஸ்' என்றால் பார்லிமெண்டும் ஆகலாம், பிறந்த வீடும் ஆகலாம். படிக்கிறவர் தமக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தத் தகப்பனாரின் பிள்ளைதான், போலீஸ் உத்தியோகஸ்தரின் முகத்தைப் போட்டுக்கொண்டு, அந்த முகத்தைக் கண்டால் யாருக்கும் பயமே வராதபடி செய்துவிட்டார். வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். மனோதத்துவம் படித்தவர்கள் அந்த ஆராய்ச்சியைச் செய்துகொள்ளட்டும். ஆனால் சிரிக்காத முகம் என்றால் என்ன என்று நம் பெண்களுக்குத் தெரியும். செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் வீடு முழுவதும் பேச்சு அடங்குகிற வீடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அதிகாரமும் விறைப்புமான அந்த முகத்துக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பயமில்லாமல் சிரிக்க முடிந்தால் எப்படி இருக்கும்? டிரெபினின் படத்தில் அது முடிகிறது. இத்தனை வருஷமும் அது அலுக்காமல் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் டிரெபினின் மகன் கதை என்று ஒரு புதிய 'நேக்கட் கன்' வந்தது. மகனாக நடிக்க யாரைப் பிடித்தார்கள்? 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் எல்லோரையும் கலங்க வைத்த லியம் நீஸனை! தலைமுறை மாறினாலும் சூத்திரம் மாறவில்லை.

லெஸ்லி நீல்ஸன் 2010 நவம்பர் 28-ந் தேதி, 84-வது வயதில் ஃப்ளோரிடாவில் காலமானார். தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லி ஒரு வேடிக்கை வாசகத்தை அவரே தேர்ந்தெடுத்தார். குடும்பப் பத்திரிகையில் அதை விளக்க இயலாது. வயிற்றுக் கோளாறு சம்பந்தப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலே கல்லால் ஆன ஒரு பெஞ்சு உண்டு. அதில் பொறித்திருப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். 'முடிந்தபோதெல்லாம் உட்காருங்கள்' என்பது அதன் கருத்து.

விகடமாகச் சொன்னாரோ, வாஸ்தவமாகவே சொன்னாரோ, அந்த முகத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது உங்களுக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, 85 நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். வாசலில் மணி அடித்தால் வீட்டில் வேறு யாராவது எழுந்து போகட்டும்.